ஏழு மணிக்கு வெளிக்கிடுகிற மனிதர்

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவு ஒருதரம் திறந்து ஒருதரம் மூடும். நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் கட்டடத்தில் அந்த நேரத்தில் எத்தனையோ கதவுகள் திறந்து மூடுபவைதான். ஆனால் அந்தக் கதவை மூடுகிற கை வேறு. கைப்பிடியை முழுதும் கீழே அழுத்தி, நித்திரை கொள்கிறவர்கள் எழும்பாதபடி மெல்ல விடும். அந்தச் சின்னச் சத்தத்தை வைத்து நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பேன். மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருமுறை அவரைப் பற்றிக் கடதாசியில் எழுதினேன். என் எழுத்து ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதை அப்போது கண்டுவிட்டேன்.

கோயிலில்தான் அவரைக் கண்டோம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு இறங்கிய பிறகு, தரைவிரிப்பை ஒற்றை ஆளாகச் சுருட்டிக்கொண்டு நின்றார். நாற்பது வயதிருக்கும். கிளிநொச்சிப் பக்கம். மனைவியும் ஒரு மகளும் ஊரில். அகதிகளை வைத்திருக்கிற முகாமில் ஒரே அறையில் நான்கு பேருடன் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் கணவர்தான், "தனியப் போன மகன்ரை அறை சும்மாதானே கிடக்குது" என்றார். முகாமில் சொல்லிவிட்டு ஒரு பையுடன் வந்தார். வந்த மறுநாள் காலை, "எங்கை தம்பி இந்த நேரத்திலை?" என்று கேட்டேன்.

"வேலைக்கு, அக்கா. ஒரு லாகரிலை."

லாகர் என்றால் சாமான் அடுக்கி வைக்கிற பண்டகசாலை. இங்கே எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் வேலை செய்தவர்கள். எனக்குச் சட்டதிட்டங்கள் தெரியாது. வேலைக்குப் போகிறார் என்றால் அனுமதி இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். எத்தனையோ வேலையாட்களைக் கண்டிருக்கிறேன். இவரைப்போல ஒருவரைக் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து சேட்டுகளை அழுத்திக் கொழுவி வைப்பார். இரவு படுக்கமுதல் சப்பாத்தைத் துடைத்து, வாசல் பக்கமாக முகம் வைத்து விடுவார். பாணுக்குள் சம்பல் வைத்துப் பெட்டியில் போட்டு, பெட்டிக்கு மேல் ஒரு துண்டுத் துணி சுற்றுவார். நாலே முக்காலுக்குத் திரும்பி வருவார். வந்ததும் கைகால் கழுவி, சாமியறை வாசலில் நின்று ஒரு கும்பிடு. பிறகு கதிரையில் இருந்து, "அப்பாடா" என்பார். உடம்பு முறிய வேலை செய்தவனின் "அப்பாடா" அது. அதைக் கேட்டால் எனக்கே கால் உளையும்.

என் கணவருக்கு மட்டும் ஒரு குறை.

"உழைக்கிற மனிசன், வரேக்கை ஒரு பால் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தால் கை தேய்ஞ்சு போமோ?"

"பாவமப்பா, ஊருக்கு அனுப்ப வேணும்."

"நானும் ஊருக்கு அனுப்பினனான்தான். பாலும் வாங்கினனான்."

கோயில் தேர் ஒரு வியாழக்கிழமை வந்தது. வடம் பிடிக்க ஆள் போதாது, வாரும் என்று கூப்பிட்டேன். "லீவு கேட்டுப் பாக்கிறன் அக்கா" என்றார். இரண்டு நாள் கழித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "தந்திட்டினம்" என்று வந்து சொன்னார். கோயிலில் வடத்தடியில் யாரோ பகிடி பண்ணினார்கள்: "ஐயா பெரிய இடம். அம்மன் கூப்பிட்டாலும் லீவு எடுத்துத்தான் வருவார்." அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு, "ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்குத்தானே அண்ணை" என்றார்.

மாசி மாதம் ஒருமுறை நல்ல காய்ச்சல். கண்ணெல்லாம் சிவந்து எழும்பி வந்து சப்பாத்தைப் போட்டார். நான் பிடித்து இருத்தினேன். "அப்ப சொல்லிவிட வேணும் அக்கா" என்று தொலைபேசியை எடுத்துக்கொண்டு நடையில் போய் நின்றார். தெரிந்த கொஞ்ச நோர்வேஜிய மொழியில், தலையைக் குனிந்து, "இண்டைக்கு வர ஏலாது, காய்ச்சல், மன்னிக்க வேணும்" என்று சொன்னார். இடையில் மற்றப் பக்கம் சொல்வதைக் கேட்பதுபோல நிறுத்தினார். "நன்றி, நன்றி" என்று முடித்தார். முதலாளியை மதிக்கத் தெரிந்த பிள்ளை என்று நான் கஞ்சியைக் கிளறிக்கொண்டே நினைத்தேன்.

வேலையிடத்துக் கதைகளும் சொல்வார். தரை கழுவுகிற இயந்திரத்தில் ஏறி ஓட்டுகிற போலந்துக்காரன் ஒருவன், அந்த இயந்திரத்தோடு மனைவியோடு கதைப்பதுபோலக் கதைப்பானாம், இடைக்கிடை ஏசுவானாம். கண்ணாடி துடைக்கிற எரித்திரியப் பெண், ஏணியில் ஏறமுதல் கழுத்துச் சிலுவையைக் கொஞ்சிவிட்டுத்தான் கால் வைப்பாளாம். காவலாளி ஒருவன், பெரிய உருவம், வேலை நேரத்தில் சாப்பிடக்கூடாது என்றபடியால் தூணுக்குப் பின்னால் நின்று ஒரே வாயில் வாழைப்பழம் தின்பானாம். "நல்ல சனம் அக்கா. என்னோடை ஒரு நாளும் முகம் சுழிச்சதில்லை" என்பார். லாகருக்குள் கண்ணாடி துடைக்க என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குசினி வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, லோயர் சொன்னவர், விசா அலுவலுக்கு என்னைத் தெரிஞ்ச ஆக்களிட்டை ஒரு கடிதம் வாங்கி வைச்சால் நல்லதாம். நான் ஆர், எப்பிடிப்பட்ட ஆள் எண்டு ரெண்டு வரி. நீங்கள் எழுதித் தருவீங்களோ?"

நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். நோர்வேஜிய மொழி துடைப்பமும் வாளியுமாகப் படித்தது. என் மகள் தாரணி இங்கேயே பிறந்தவள், நகரசபை அலுவலகமொன்றில் வேலை. அவளிடம் கொடுத்தால் ஒரு நொடியில் எழுதுவாள். ஆனால் இது மனதிலிருந்து வரவேண்டிய எழுத்து, என் கைதான் எழுத வேண்டும் என்று ஒரு பிடிவாதம். குளித்து, விளக்கேற்றி, அம்மன் படத்துக்கு முன்னால் இருந்து எழுதினேன். தாளின் மேலே பிள்ளையார் சுழியும் போட்டேன். தெரிந்த நோர்வேஜிய மொழியில் எழுதியது இவ்வளவுதான்:

"இவர் நல்ல மனிதர். கள்ளம் இல்லை, குடி இல்லை. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறார். ஒருநாளும் பிந்தியதில்லை. என் கண்ணால் பார்க்கிறேன். கடவுள் சாட்சி."

வேலைக்கு ஒழுங்காகப் போகிறவர் என்பதைவிட ஒரு மனிதனைப் பற்றி இந்த நாட்டில் என்ன நல்லது சொல்ல முடியும்? கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவரும் தலையாட்டினார். வேறொருவருக்கும் காட்டாமல் பசை பூசி ஒட்டி, உறையின் மேல் திருநீறு தொட்டு வைத்துக் கொடுத்தேன். அவரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உறையைப் பிரிக்காமலே விசாக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கடவுளே, இருவரில் ஒருவராவது பிரித்திருக்கலாம்.

மூன்று கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டரைக்கு அழைப்புமணி அடித்தது. வேலை முடிந்து அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன். கதவைத் திறந்தால் அவர். அந்த நேரத்தில் அவரை வீட்டு வாசலில் கண்டதே எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுத் திறப்பு வைத்திருக்கிறவர், மணி அடித்துவிட்டு நிற்கிறார். கையில் என் கடிதத்தின் பிரதி.

"என்ன தம்பி, வேலை இல்லையோ?"

"அதைத்தான் அக்கா விசாக் கந்தோரிலை என்னட்டையும் கேட்டவை."

உள்ளே வந்து இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எங்கை வேலை செய்யிறாய் எண்டு கேட்டவை. நான் ஒரு இடமும் இல்லை எண்டனான். அப்ப இதைத் தூக்கிக் காட்டிச்சினம். வாசிச்சுச் சொல்லிச்சினம். ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு எண்டு. எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை அக்கா. அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்."

"அப்ப நீர் போற வேலை?"

அவர் கடிதத்தின் மேல் மூலையைத் தடவினார்.

"இது என்ன குறியெண்டும் கேட்டவை."

"என்ன சொன்னனீர்?"

"பிள்ளையார் எண்டு சொன்னனான். எழுதிக்கொண்டவை."

நல்லது என்று நினைத்து நான் கொடுத்தது அவர் கழுத்தில் கயிறாகக் கிடக்கிறது. "நான் போய்ச் சொல்லுறன், எனக்கு மொழி தெரியாது, பிழையா எழுதிப்போட்டன் எண்டு" என்றேன்.

"என்னத்தை எண்டு சொல்லுவீங்கள்? நீங்கள் கண்டதைத்தானே எழுதினனீங்கள்." பிரதியை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு நீங்கள் லீவு எடுக்க ஏலுமோ? ஏழு மணிக்கு என்னோடை வாங்கோ. காட்டுறன்."

அடுத்தநாள் நானும் அவருடன் வெளிக்கிட்டேன். ரயிலில் ஸ்ட்ரோம்மன் வரை போய், அங்கேயிருந்த பெரிய கடைத்தொகுதிக்கு நடந்தோம். முதல் கதவு திறக்கும்வரை வெளியில் நின்றார். திறந்ததும் உள்ளே போய், மேலே போகிற நகரும் படிக்கட்டுக்கு எதிரே உள்ள, ஆட்கள் உட்காருகிற மர வாங்கில், இடதுபக்க ஓரத்தில் இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தார்.

"இதுதான் அக்கா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அப்போது தூரத்தில் தரை கழுவுகிற இயந்திரம் ஒன்று வளைந்து வந்தது. அதில் இருந்தவன் அதன் தலையில் தட்டி ஏதோ ஏசினான். நான் திரும்பிக் கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். ஏணிக்குக் கீழே ஒரு கறுத்த பெண் கழுத்துச் சிலுவையை எடுத்துக் கொஞ்சினாள். அவர் சொன்ன கதை ஒன்றும் பொய்யில்லை. சொன்னபடியே எல்லோரும் இருந்தார்கள், எல்லோரும் வேலை செய்தார்கள். அவர் மட்டும் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய உருவமுள்ள காவலாளி வந்தான். அவரைக் கண்டதும் சிரித்து, "நேற்று ஏன் வரவில்லை? விடுமுறையா?" என்று கேட்டான். "ஓம், ஒரு அலுவல்" என்று இவர் எழும்பி நின்று பதில் சொன்னார்.

பதினொன்றரைக்குப் பெட்டியைத் திறந்து பாதிப் பாணை என்னிடம் தந்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் தம்பி இப்பிடி?"

"வீட்டுக்கை இருந்தால் படுத்திடுவன் அக்கா. முகாமிலை கண்டனான். முதல் மத்தியானம் எழும்புவினம், பிறகு பின்னேரம், பிறகு எழும்பாயினம். நல்ல நல்ல ஆக்கள்." வாயைத் துடைத்துக்கொண்டார். "மனிசி ஒருநாள் போனிலை கேட்டாள், வேலைக்குப் போறீங்களோ எண்டு. ஓம் எண்டு வாயிலை வந்திட்டுது. பிள்ளையும் பக்கத்திலை நிண்டவள். சொன்னது சொன்னதுதானே. அடுத்தநாள் ஏழு மணிக்கு வெளிக்கிட்டன்."

"அனுமதி கேட்டுப் பார்க்கேல்லையோ?"

"ரெண்டு தரம் கேட்டாச்சு. இது மூண்டாவது. ரெண்டு வருசமும் நாலு மாசமும். நான் ஆர் எண்டு காட்டப் பாஸ்போட் வேணுமாம். ஏஜென்சிக்காரன் பிளேனுக்கை கிழிச்சுப்போடச் சொன்னவன். நான் கக்கூசுக்குள்ளை நிண்டு ஒவ்வொரு தாளாக் கிழிச்சுத் தண்ணியிலை விட்டனான் அக்கா. என்ரை படத்தைத்தான் கடைசியாக் கிழிச்சனான்."

நான் அந்த வாங்கில் நாலு மணி வரை இருந்தேன். இடுப்பு நொந்தது. சும்மா இருப்பது எவ்வளவு பாரமான வேலை என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். காய்ச்சலோடு நடையில் நின்று ஆருமில்லாத தொலைபேசியில் மன்னிப்புக் கேட்ட குரல் என் காதுக்குள் திரும்பத் திரும்ப வந்தது.

அன்றிரவு தாரணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அம்மா, அந்தக் கடிதத்தை எனக்கு ஒருக்காக் காட்டியிருக்கலாமே."

"பிழைதான் பிள்ளை. இப்ப என்ன செய்யிறது?"

"உள்ளதை எழுதுவம். அவரின்ரை ஸோக்னத்தோடை அதையும் சேர்த்து வைக்கட்டும்." விண்ணப்பத்தை அவள் ஸோக்னத் என்றுதான் சொல்வாள்.

என் பெயரில் அவள் எழுதினாள். முதல் கடிதத்தில் நான் எழுதியது தவறு. இந்த மனிதர் எங்கும் வேலை செய்யவில்லை. கிழமை நாட்களில் காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலு வரை கடைத்தொகுதியில் ஒரு வாங்கில் இருக்கிறார். காவலாளியிடம் நானும் தாரணியும் போய்க் கேட்டோம். அவன் முதலில் நம்பவில்லை. "நான் அவர் யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன்" என்றான். பிறகு தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தான், வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தபடி அந்த வாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் அம்மனுக்கு முன்னால் வைத்துத்தான் அதையும் கொடுத்தேன். பிள்ளையார் சுழி போடவில்லை. இந்த முறை உறையை ஒட்டமுதல் தாரணி அவருக்குத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நான், "சரிதானே தம்பி? உண்மைதானே?" என்றேன்.

"உண்மைதான் அக்கா." சிரிக்கப் பார்த்தார். "இதுவரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப கடதாசியிலையும் நான் சும்மா இருக்கிறவன்."

அதுதான் என்னைக் கொன்றது. என் முதல் கடிதம் பொய், அதை அவர் தாங்கிக்கொண்டார். இரண்டாவது உண்மை. அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் "அப்பாடா" சொல்லவில்லை. ஏழு மணிக்குக் கதவு மூடியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சேட்டுகள் அழுத்தப்படவில்லை. வேலையிடத்துக் கதை ஒன்றும் இல்லை. நான்தான் ஒருநாள், "போலந்துக்காரன் எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டேன். "இருக்கிறான் அக்கா" என்றார். அவ்வளவுதான்.

பதில் ஐப்பசியில் வந்தது. வேலை அனுமதி இல்லை. தாரணி வாசித்தாள். நான் கேட்கமுதலே, "உங்கடை கடிதத்தாலை இல்லை அம்மா" என்றாள். "ரெண்டையும் பார்த்திருக்கினம். வேலை செய்யேல்லை எண்டதை ஒப்புக்கொண்டிருக்கினம். ஆனால் பாஸ்போட் இல்லை. ஆர் எண்டு நிரூபிக்காத ஆளுக்குக் குடுக்கேலாதாம். இன்னும் காத்திருக்கட்டாம்."

"எவ்வளவு காலம்?"

"அதை எழுதேல்லை."

அவர் அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து, சாமியறையில் அம்மன் படத்துக்குக் கீழே வைத்தார். நான் அதை எடுக்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த நாள் வழமைபோலக் கதவு திறந்து மூடியது. நான் தேத்தண்ணி வைத்தேன். நாலே முக்காலுக்கு வரவில்லை. ஆறுக்கும் இல்லை. அவருடைய தொலைபேசிக்கு எடுத்தேன், நின்றிருந்தது. அறையில் போய்ப் பார்த்தேன். கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து விட்டிருந்தது. பை இல்லை. அழுத்திய ஒரு சேட்டு மட்டும் கொழுவியில் தொங்கியது. முகாமுக்கு எடுத்துக் கேட்டோம், வரவில்லை என்றார்கள். தாரணி பொலிசுக்கும் அறிவித்தாள். பிறகு கோயிலில் ஒருவர் ஜெர்மனி என்றார், இன்னொருவர் பிரான்ஸ் என்றார். கண்டவர் ஒருவருமில்லை.

அவர் போன மறுநாள் வேலை முடிந்த கையோடு ஸ்ட்ரோம்மனுக்குப் போனேன். வாங்கின் இடதுபக்க ஓரம் வெறுமையாக இருந்தது. காவலாளி என்னைக் கண்டு ஓடி வந்தான். "நேற்று வந்தவர். நாலு மணிவரை இருந்தார்" என்றான். "போகும்போது என்னிடம் வந்து கை கொடுத்தார். அந்தக் கண்ணாடி துடைக்கிற பெண்ணுக்கும் கொடுத்தார். மற்றவனையும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கை கொடுத்தார். வேலையை விட்டுப் போகிற ஆள் கொடுப்பதுபோல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று நாங்கள் சந்தோசப்பட்டோம்" என்றான்.

வீட்டுக்கு வந்து சாமியறையில் விளக்கேற்ற இருந்தேன். தீக்குச்சி பிடிக்க மாட்டேன் என்றது. தொலைபேசி அடித்தது. இலங்கை இலக்கம். அவர் தன் மனைவிக்கு எங்கள் வீட்டு இலக்கத்தைக் கொடுத்திருந்தார். அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை.

"அக்கா, நான் இவரின்ரை மனிசி. கரைச்சலுக்குக் குறை நினையாதேங்கோ. ரெண்டு நாளா இவரின்ரை போன் வேலை செய்யேல்லை. ஓவர்டைம் எண்டால் சொல்லிப்போட்டுத்தான் போறவர். பிள்ளையும் கதைக்க வேணும் எண்டு நிக்கிறாள். இவர் வேலையாலை வந்திட்டாரோ?"

நான் இரண்டு கடிதம் எழுதினவள். ஒன்றில் பொய், ஒன்றில் உண்மை. இரண்டுக்கும் அம்மன் சாட்சி. மூன்றாவதாக என்ன சொல்வது என்று தெரியாமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. வாசல் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"இன்னும் வரேல்லைப் பிள்ளை" என்றேன்.